கிராஸ் பீஸ், குறுக்குப் பட்டி, மூலைவாட்டு: ஒரு கலைச்சொல் விவாதம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கமுங்க. வீட்டிலேயே குழந்தைத் துணியும் சின்னச் சின்னப் பரிசுப் பொருளும் தைக்கிறவர்களுக்கான கைப்புத்தகத்தில் ஜபலா, பாவாடை சட்டை, பிடிதுணி, சுருக்குப்பை நாலும் எழுதியாகிவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் வண்டி நிற்கிறது. டெய்லர் கடையில் ‘கிராஸ் பீஸ்’ என்கிறோமே, கழுத்துக்கும் கைக்கும் ஓரம் கட்டுகிற பட்டை, அதற்குத் தமிழ் வேண்டும். வரைவில் ‘குறுக்குப் பட்டி’ என்று போட்டிருக்கிறது. வாக்கியம் இது: “கழுத்துக்கு 1¼ அங்குல அகலத்தில் குறுக்குப் பட்டி வெட்டிக்கொள்ளவும்.”

போதுமா? போதாது என்றால் உங்கள் சொல்லை இதே வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். வெறும் பட்டியலாக நாற்பது சொல் அனுப்ப வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து:

போதாதுங்க. அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருவர் துணியை எப்படி வெட்டுவார்? கரையிலிருந்து கரைக்கு, அகலத்தில் குறுக்கே வெட்டுவார். தமிழில் குறுக்கு என்றால் அதுதானே. கிராஸ் பீஸ் அப்படி வெட்டுவதே இல்லை. பாவுக்கும் (நீளவாட்டில் ஓடும் இழை) ஊடைக்கும் (அகலவாட்டில் ஓடும் இழை) நடுவில், 45 பாகையில் வெட்டுவது.

குறுக்கே வெட்டினால் என்ன கெடும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வட்டக் கழுத்துக்குக் கால் அங்குலப் பட்டை வைக்கிறோம். தையல் ஓடுவது கழுத்து ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, வெளி வட்டத்தில். பட்டையின் மடிப்பு உட்காருவது ஓரத்தில், உள் வட்டத்தில். கழுத்து பெரிதோ சிறிதோ, இந்த இரண்டு வட்டத்துக்கும் சுற்றளவில் வித்தியாசம் ஒன்றரை அங்குலம் (2 × 3.14 × ¼). ஆக, ஒரே பட்டை ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தாக வேண்டும். 45 பாகையில் வெட்டின துணிக்கு அது முடியும். இழைகள் அறுந்தோ நீண்டோ அல்ல. பாவும் ஊடையும் சேர்ந்த குட்டிக் குட்டிச் சதுரங்கள் சாய்ந்துகொடுக்கும், அவ்வளவுதான். குறுக்கே வெட்டின பட்டையில் ஊடை இழை நேராக நிற்கிறது. அது எங்கே போகும்? கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், இஸ்திரி போட்டாலும் அடங்காது.

இதைச் சொல்லித்தருவதற்கு ஒரு கைக்குட்டை போதும். எதிரெதிர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் விறைப்பாக நிற்கும். எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் நீளும்.

திருப்பூரிலிருந்து:

ஈரோட்டு அக்கா சொல்வது நெய்த துணிக்குச் சரிங்க. ஆனால் ‘குறுக்கு’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு சந்தேகம். பனியன் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கண்ணி கண்ணியாகப் பின்னியது. அது அகலவாட்டில்தான் நன்றாக இழுபடும். அதனால் இங்கே கழுத்துக்கு ரிப் (வரிவரியாகப் பின்னிய, நன்றாக இழுபடும் துணி) பட்டையை அகலத்தில், அதாவது குறுக்கேதான் வெட்டுகிறோம். பேட்லாக் மெஷினில் பட்டையை மடித்துக்கொடுக்கிற போல்டர் மாட்டி ஓடவிட்டால் கழுத்து சுத்தமாக வரும். கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வீட்டில் காடா, மல் மாதிரி நெய்த துணியில் ஜபலா தைக்கிறவர்கள் அதே கைப்பழக்கத்தில் குறுக்கே வெட்டிவிடுகிறார்கள். புத்தகமும் ‘குறுக்கு’ என்று சொன்னால் அந்தத் தப்புக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும்.

எனக்கு ‘இழுபட்டி’ போதும் என்று தோன்றுகிறது. இழுபடுகிற பட்டி. “கழுத்துக்கு 1¼ அங்குல அகலத்தில் இழுபட்டி வெட்டிக்கொள்ளவும்.”

சென்னிமலையிலிருந்து:

இழுபட்டி என்று சொன்னால் துணியை எந்தப் பக்கமாக வைத்து வெட்டுவது என்று தெரியாது. ரிப்பும் இழுபட்டிதான், எலாஸ்டிக்கும் இழுபட்டிதான். குணத்தைச் சொல்லும் பெயர் இங்கே உதவாது, திசையைச் சொல்லும் பெயர் வேண்டும்.

தறிக்காரர்களிடம் பாவு, ஊடை, கரை மூன்றும் இருக்கின்றன. நீளவாட்டு, அகலவாட்டு, மூலைவாட்டு என்பதெல்லாம் வீட்டில் பேசுகிற பேச்சு. இரண்டையும் சேர்த்தால் ஒரு குடும்பமே கிடைக்கிறது:

பாவுவாட்டு: கரைக்கு இணையாக.
ஊடைவாட்டு: கரையிலிருந்து கரைக்கு.
மூலைவாட்டு: இரண்டுக்கும் நடுவில், 45 பாகை.

முதல் இரண்டுக்கும் பொதுவாக, துணியின் இழை போகிற திசையை ‘இழைவாட்டு’ என்று சொல்லிக்கொள்ளலாம். “கழுத்துக்கு 1¼ அங்குல அகலத்தில் மூலைவாட்டுப் பட்டி வெட்டிக்கொள்ளவும்.” எந்த மூலை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நாமக்கல்லிலிருந்து:

‘வாட்டு’ எனக்கு உறுத்துகிறது ஐயா. வாட்டு என்றால் அனலில் வாட்டுவது, ஆளை வாட்டுவது. ‘வாட்டம்’ என்று எழுதினாலோ முகவாட்டம், இல்லாவிட்டால் வாய்க்காலுக்குப் பார்க்கிற தண்ணீர் வாட்டம். நூல் நடையில் ‘சாய்வு வெட்டு’ தெளிவாக இருக்காதா? ‘கோணவெட்டு’ என்றும் ஒன்று உண்டு.

ஈரோட்டிலிருந்து:

கோணவெட்டு வேண்டவே வேண்டாம். ‘கோணையா வெட்டிப்போட்டாங்க’ என்றால் இந்தப் பக்கம் துணியைக் கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சாய்வு என்பது எத்தனை பாகையும் ஆகலாம். 30 பாகையில் வெட்டினாலும் சாய்வுதான், ஆனால் அந்தப் பட்டை இழுக்கும்போது நேராக நீளாமல் ஒரு பக்கமாகச் சாயும். தைத்து மடித்த பிறகு கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலுக்கு ஒரு காரணம் 45 பாகை தவறினது, இன்னொன்று துணியே கோணலாக நெய்து அல்லது அச்சடித்து வந்தது. ஆகவே சாய்வு என்ற சொல்லை விட்டுவைப்போம். 45 தவறின வெட்டுக்கு அது தேவைப்படும். நேர் 45-க்கு மூலைவாட்டு. என் ஓட்டு அதற்கே.

‘வாட்டு’ தனியாக நின்றால்தான் அனலில் வாட்டும். மூலையோடு சேர்ந்தால் வேறு அர்த்தம் வரவே வராது.

ஒரு சொல் வேலைக்கு ஆகுமா என்பது செய்முறையை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே ஜபலாக் கழுத்துக்கான பகுதியை அந்தச் சொல்லை வைத்தே எழுதியிருக்கிறேன். நேராகப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

“துணியை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடவும். உடம்புத் துணியை நனைத்து, பட்டித் துணியை நனைக்காமல் விட்டால், முதல் துவைப்பில் பட்டி மட்டும் சுருங்கிக் கழுத்தை இழுத்துக்கொள்ளும். சாயத் துணி என்றால் ஈரமாக இருக்கும்போது வெள்ளைத் துணி ஒன்றை மேலே வைத்து அழுத்திப் பார்க்கவும். சாயம் ஏறினால் அந்தத் துணி வெள்ளை ஜபலாவுக்கு ஆகாது.

“ஊடைவாட்டு ஓரத்தைக் கத்தரிக்கோலை நம்பி வெட்ட வேண்டாம். ஒரு ஊடை இழையைப் பிடித்து உருவி, அது விட்டுப்போன தடத்திலேயே வெட்டவும். இப்போது கரையை எடுத்து இந்த ஊடை ஓரத்தின் மேல் சரியாகப் படியும்படி மடிக்கவும். விழுகிற மடிப்புதான் மூலைவாட்டு. மடிப்பை விரலால் நீவ வேண்டாம், நீண்டுவிடும். கோடு போட்டு, அதற்கு இணையாக 1¼ அங்குலத்துக்கு ஒரு கோடாக வரைந்து வெட்டவும்.

“1¼ எப்படி வந்தது: கால் அங்குலம் வெளியே தெரிய வேண்டும், அது நாலு மடங்கு, ஆக ஒரு அங்குலம். இழுபடும்போது அகலம் குறைவதற்கு ஒரு நூல் (⅛ அங்குலம்), மடிப்பின் தடிப்புக்கு ஒரு நூல். மல் துணி என்றால் தடிப்புக்கு விடும் நூல் வேண்டாம். 1 அங்குலம் ஒரு நூல் போதும்.

“12 அங்குலச் சதுரத் துண்டில் ஒற்றைப் பட்டியாக எடுத்தால் மூலைக்கு மூலை ஏறக்குறைய 17 அங்குலம்தான் கிடைக்கும். எல்லாப் பட்டியையும் இணைத்தால் கணக்குப்படி 115 அங்குலம், இணைப்பில் போனது போகச் சுமார் 100. ஒரு ஜபலாவின் கழுத்துக்கும் இரண்டு கைக்குழிக்கும் தாராளம். இணைக்கும்போது இரண்டு பட்டியையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு ‘ட’ மாதிரி செங்கோணத்தில் வைத்து, இரண்டு நுனியிலும் கால் அங்குலம் முக்கோணக் காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நகர்த்தி, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குத் தைக்கவும். காது இல்லாமல் நுனிக்கு நுனி ஒட்டவைத்துத் தைத்தால், பிரித்துப் பார்க்கும்போது பட்டியின் ஓரம் படி ஏறி நிற்கும். தையலை விரித்து இஸ்திரி போட்டபின் காதை வெட்டிவிடவும்.

“உடம்புத் துணியில் கழுத்து வெட்டினவுடன் ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி ஒரு தையல் ஓட்டிவிடவும். வட்டக் கழுத்தின் வளைவு நாலு இடத்தில் மூலைவாட்டைத் தொட்டுப் போகிறது. கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாலு இடமும் நீண்டுவிடும். கழுத்து தொளதொளவென்று நிற்பதற்குப் பெரும்பாலும் பட்டி காரணம் அல்ல, இதுதான்.

“பட்டியை நல்ல பக்கத்தின் மேல் வைத்துக் கால் அங்குலத்தில் தைக்கவும். ஒன்றரை அங்குல வித்தியாசம் முழுவதையும் இழுத்தே தைத்தால் கழுத்து சுருங்கிவிடும். சுற்று முழுவதற்குமாக முக்கால் அங்குலம் இழுத்தால் போதும், அதுவும் வளைவில் மட்டும்; மீதியை இஸ்திரி பார்த்துக்கொள்ளும். பிறகு உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்கவும், தேய்க்க வேண்டாம். தேய்த்தால் பட்டி மறுபடி நீளும். மல்லுக்கு 11-ம் நம்பர் ஊசி, பாப்ளினுக்கு 14.”

‘மூலைவாட்டைத் தொட்டுப் போகிறது’ என்ற இடத்தில் சாய்வையோ கிராஸையோ வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிற்காது.

நாமக்கல்லிலிருந்து:

அந்த நாலு இடம் என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டது. மூலைவாட்டு இருக்கட்டும். ஆனால் ‘மூலைவாட்டுப் பட்டி’ நீளம். கடையில் சுருட்டி விற்கிறார்களே, அதற்கு ‘மூலைநாடா’ என்று வைக்கலாமா?

சென்னிமலையிலிருந்து:

நாடா எங்கள் பக்கம் தறியில் ஓடுகிறதுங்க, ஊடையைக் கொண்டுபோகிற ஓடத்துக்கு அதுதான் பெயர். பாவாடையிலும் ஓடுகிறது. மூன்றாவதாக இதையும் ஓடவிட வேண்டாம். மூலைப்பட்டி என்றே சுருக்கிக்கொள்ளலாம்.

திருப்பூரிலிருந்து:

மூலைப்பட்டிக்கு நானும் சரி. இழுபட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, பட்டி வைக்கும் விதம். மடித்து இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி வைத்தால் ‘விளிம்புப் பட்டி’. முழுக்க உள்ளே திருப்பி, வெளியே தெரியாமல் வைத்தால் ‘உள்பட்டி’. இரண்டுக்கும் வேலை வேறு: உள்பட்டிக்குத் தையலுக்கு ஒரு நூல் தள்ளி நிற்கும்படி அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பாது. விளிம்புப் பட்டியில் துணி ஓரம் திரும்புவதில்லை, வெட்டு வேண்டாம். உள்ளே கயிறு வைத்துத் தைப்பது மட்டும் ‘பைப்பிங்’. அதை அப்படியே விட்டுவிடுவோம். வீட்டில் தைக்கிறவர்களுக்கு அது நாக்கில் இருக்கிற சொல்.

இரண்டாவது, ஜபலாவுக்குப் பின்கழுத்தில் பட்டியையே நீட்டி முடிச்சுக் கயிறாக விடுவது நம் வழக்கம். ஐரோப்பாவுக்குப் போகும் ஆர்டரில் ஏழு வயதுக்குள் கழுத்துப் பக்கம் கயிறே கூடாது, குழந்தை உடுப்பின் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 14682 சொல்வது அதுதான். குழந்தையின் கழுத்தில் கயிறு சிக்கிக்கொள்ளும் என்பதால் வந்தது. நம் புத்தகத்திலும் கயிற்றை எடுத்துவிட்டுப் பிரஸ் பட்டன் என்று போட்டுவிடலாம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

கயிறு போய்ப் பிரஸ் பட்டன் வந்தாயிற்று. சொற்பட்டியலில் சேர்த்திருப்பவை:

இழைவாட்டு – நெய்த துணியில் இழை செல்லும் திசை.
மூலைவாட்டு – பாவுக்கும் ஊடைக்கும் 45 பாகையில் உள்ள திசை; துணி அதிகம் இழுபடும் திசை. பேச்சில்: கிராஸ்.
மூலைப்பட்டி – மூலைவாட்டில் வெட்டிய பட்டை. பேச்சில்: கிராஸ் பீஸ்.
சாய்வு வெட்டு – மூலைவாட்டு தவறிய வெட்டு.

பேச்சுச் சொல்லையும் பக்கத்தில் போட்டுவைத்திருக்கிறேன். ஈரோட்டுச் சந்தையில் போய் ‘மூலைப்பட்டி கொடுங்க’ என்றால் இப்போதைக்குக் கடைக்காரர் முழிப்பார்.

ஒரு கேள்வி. பிடிதுணி அத்தியாயத்தில் நாலு ஓரத்துக்கும் மூலைப்பட்டி என்றே இருக்கிறது. 7 அங்குலச் சதுரம், நடுவில் பழைய தேங்காய்ப்பூத் துண்டு இரண்டு மடிப்பு. சரிதானே?

ஈரோட்டிலிருந்து:

மூலையை வட்டமாக வெட்டியிருந்தால் மூலைப்பட்டி வேண்டும், அதுவும் அங்கே இழுக்காமல், கொஞ்சம் தளர்த்தி விட்டு. கழுத்து உள்வளைவு, இது வெளிவளைவு, கணக்கு தலைகீழ். மூலை கூராக இருந்தால் ஊடைவாட்டுப் பட்டியே போதும், துணியும் மிச்சம். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, பிறகு கீழே இறக்கி அடுத்த ஓரத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். ஊசி 16, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள்; சூட்டில் இளகிவிடும்.

சென்னிமலையிலிருந்து:

எல்லாப் படத்திலும் பாவு போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்க. சதுரமாக வெட்டின துண்டில் கரை இருக்காது, எது பாவு என்று தெரியாது. கரை இல்லாத துண்டு கிடைத்தால் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. குறைவாகக் கொடுக்கிற பக்கம்தான் பெரும்பாலும் பாவு.