அவசரம்: துப்பாக்கியை வைத்துவிட்டுப் பாராங் எடுக்க எத்தனை ஆக்ஷன்?

பால்மரத்தடி | வியாழன், இரவு 11:48
வணக்கம். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு), அதற்குள் தெரிந்தாக வேண்டும். போன வாரம் சண்டையே வந்துவிட்டது (பகடைச் சண்டை இல்லை, நிஜச் சண்டை). என் மச்சான் ஒரே டர்னில் சுடுகிறான், துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிறான், பாராங்கை (வெட்டுக்கத்தி) உருவி வெட்டுகிறான், அப்புறம் ரீலோடும் (மறுபடி தோட்டா போடுவது) செய்துவிட்டேன் என்கிறான். முடியுமா, முடியாதா? நான்தான் ஆட்டம் நடத்துகிறேன். ஒரு வார்த்தையில் சொன்னால் போதும்.

பகடைப்பித்தன் | 11:55
எந்த விளையாட்டு? எந்தப் பதிப்பு? என்ன துப்பாக்கி? மச்சான் எத்தனையாவது லெவல்?

சுருட்டுச்சாமி | வெள்ளி, அதிகாலை 12:10
பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்கு மாறிவிடுங்கள், இந்தத் தலைவலியே இருக்காது. அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு டர்னுக்கு 3 ஆக்ஷன், அதாவது மூன்று செயல். உருவ 1, வெட்ட 1. குறுக்குவில்லில் அம்பு பூட்ட 1, பெரிய குறுக்குவில் என்றால் 2. பிடியிலிருந்து ஒரு கையை எடுப்பது இலவசம், திரும்ப வைக்க 1. மளிகைக்கடை பாக்கி மாதிரி, கணக்கு எப்போதும் நேராக இருக்கும்.

பகடைப்பித்தன் | 12:14
அண்ணே, அவர் என்ன விளையாடுகிறார் என்றே இன்னும் சொல்லவில்லை.

மூத்தவன் | காலை 7:02
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை இங்கே வருகிறது. புத்தகத்தில் சண்டை அத்தியாயத்தைப் பொறுமையாக ஒரு முறை படித்தால் போதும். இப்போதைய பிள்ளைகளுக்கு யூடியூப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

பால்மரத்தடி | காலை 10:31
மன்னிக்கவும், மில்லில் இரவு ஷிஃப்ட், இப்போதுதான் பசியாறினேன். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) தான், வேறென்ன. கதை 1948இல் மலாயாவில் நடக்கிறது, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நாங்களும் இதே ஊர்தான். மச்சான் தோட்டத்துக் காவல்காரன், 5ஆவது லெவல் ஃபைட்டர். துப்பாக்கி லீ-என்ஃபீல்டு, பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. பதிப்பு தெரியாது, மச்சான் வாட்சாப்பில் அனுப்பிய பிடிஎஃப். முதல் பக்கம் இல்லை.

பகடைப்பித்தன் | 10:40
வீரர் புத்தகத்தின் ஆயுதப் பட்டியலைத் திறங்கள். மஸ்கெட், பிஸ்டல் இரண்டும் அதிலேயே இருந்தால் 2024 பதிப்பு. இல்லாவிட்டால் 2014.

பால்மரத்தடி | 10:52
இல்லை. ஆட்டம் நடத்துபவர் புத்தகத்தில்தான் துப்பாக்கி இருக்கிறது.

பகடைப்பித்தன் | 11:20
அப்படியென்றால் 2014. அதில் ஒரு டர்னுக்கு ஒரு பொருளைக் கையாள்வது இலவசம். உருவலாம் அல்லது உள்ளே வைக்கலாம், இரண்டில் ஒன்று. அடுத்த பொருளைத் தொட்டால் ஒரு முழு ஆக்ஷன் போய்விடும். ஆகவே தோளில் மாட்டியதோடு இலவசம் தீர்ந்தது, பாராங் உருவ வழியில்லை.

ஆனால் மச்சான் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டு கை ஆயுதம் என்றால் சுடும் நேரத்தில் மட்டும்தான் இரண்டு கை வேண்டும். 5ஆவது லெவல் ஃபைட்டருக்கு இரண்டு தாக்குதல். முதல் தாக்குதலில் சுடட்டும். துப்பாக்கியை மாட்டாமல் இடது கையில் அப்படியே பிடித்துக்கொள்ளட்டும். வலது கையால் பாராங்கை உருவட்டும், இது இலவசம். இரண்டாவது தாக்குதலில் வெட்டட்டும். எல்லாம் சட்டப்படி சரி. அடுத்த டர்னில் பாராங்கை உறையில் போட்டுவிட்டுச் சுடலாம்.

ரீலோடுக்கு ஆக்ஷன் அல்லது போனஸ் ஆக்ஷன் (ஆக்ஷனுக்கு மேல் கூடுதலாக ஒரு சிறு செயல்), அவன் விருப்பம். போனஸ் மிச்சம் இருந்தால் செய்யலாம். இடது கையில் துப்பாக்கி, வலது கையில் பாராங், தோட்டாவை எந்தக் கையால் போடுகிறாய் என்று மட்டும் கேளுங்கள். அந்த இடத்தில் புத்தகம் தெளிவாக இல்லை, நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

2024க்கு மாறினால் ஒவ்வொரு தாக்குதலோடும் ஓர் ஆயுதத்தை எடுக்கவோ வைக்கவோ செய்யலாம், சண்டை பாதி குறையும்.

சுருட்டுச்சாமி | 11:33
பாத்ஃபைண்டரில் 2023 திருத்தப் பதிப்பிலேயே ஒன்றை வைத்து ஒன்றை எடுப்பது ஒரே ஆக்ஷன்.

மூத்தவன் | மதியம் 12:15
விதியெல்லாம் இருக்கட்டும். அந்தப் புத்தகத்தில் வேட்டைத் துப்பாக்கிக்கு 5 குண்டு. லீ-என்ஃபீல்டு 10 குண்டுத் துப்பாக்கி. சரித்திரக் கதை நடத்துகிறவர் இதைக்கூடப் பார்க்க மாட்டாரா?

ஈயக்குட்டை | 12:40
ஐயா, 5தான். என் தாத்தா அந்தக் காலத்தில் தோட்டத்துக் காவலில் இருந்தவர். "அஞ்சு அஞ்சா வரும்" என்பார்.

மூத்தவன் | 12:48
உங்கள் தாத்தா சொன்னது கிளிப். அந்தத் தகட்டுக் கிளிப்பில் 5 தோட்டா இருக்கும், இரண்டு கிளிப் தள்ளினால் 10. தாத்தாவும் சரி, நானும் சரி.

ஈயக்குட்டை | 12:51
அப்ப "இதைக்கூடப் பார்க்க மாட்டாரா" என்றது யாரை?

மூத்தவன் | 1:05
முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்கு 15 குறி பார்த்த வெடி என்று பயிற்சி கொடுத்தார்கள். கிளிப் போடும் நேரமும் அந்த ஒரு நிமிடத்துக்குள்தான். டி அண்ட் டியில் ஒரு ரவுண்டு, அதாவது எல்லாரும் ஒரு டர்ன் ஆடி முடிக்கும் முறை, 6 நொடி. ஆகவே ரவுண்டுக்கு ஒன்றரை வெடி, ரீலோடு உட்பட. போனஸ் ஆக்ஷன் ஒன்றும் அநியாயம் இல்லை. வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் பழைய மஸ்கெட் என்றால் நிமிடத்துக்கு 3 வெடிதான். அதை உள்ளபடி விளையாடினால் ஒரு வெடிக்கு 3 ரவுண்டுக்கு மேல் சும்மா நிற்க வேண்டும்.

காப்பிக்கோப்பை | 1:22
தம்பிகளா, "ரவுண்டு" என்ற சொல்லை யாராவது கவனித்தீர்களா? தோட்டாவும் ரவுண்டு, முறையும் ரவுண்டு. எங்கள் மேசையில் "எனக்கு இரண்டு ரவுண்டு இருக்கிறது" என்று ஒருத்தர் சொல்ல, மயக்க மந்திரம் தீர இன்னும் இரண்டு முறை என்று நான் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு தோட்டாவைத் தோட்டா என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தே தாரேக் டீ அவர் செலவு.

இன்னொன்று. காகிதத்தில் குண்டு எண்ணாதீர்கள், எவனும் அழிக்க மாட்டான். ஆளுக்கு 10 ரப்பர் கொட்டை கொடுங்கள். முன்னால் ஒரு காலி பால் டின். சுடும்போதெல்லாம் ஒன்றை டின்னில் போட வேண்டும். அந்த "டங்" சத்தம் மேசை முழுக்கக் கேட்கும், யாரும் பொய் சொல்ல முடியாது. ரீலோடு என்றால் டின்னைக் கவிழ்த்து, ஐந்தைத் தன் கையால் பொறுக்கி வைக்க வேண்டும். பாராங்குக்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சி. வலது கையில் குச்சி, இடது கையில் துப்பாக்கி என்று பேனா, அப்புறம் கொட்டையைப் பொறுக்கச் சொல்லுங்கள். மச்சானுக்கே புரிந்துவிடும்.

ஈயக்குட்டை | 1:30
அக்கா, ரப்பர் கொட்டைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டது.

காப்பிக்கோப்பை | 1:36
பழைய லயத்துக்குப் பின்னால் நாலு மரமாவது இருக்கும். சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சுருட்டுச்சாமி | 1:50
பாத்ஃபைண்டரில் கொட்டையே தேவையில்லை.

பால்மரத்தடி | ஞாயிறு, பிற்பகல் 3:17
எல்லாருக்கும் நன்றி. கொட்டை வேலை செய்தது. "ரீலோடுக்கு ஒரு ரவுண்டு" என்று போன வாரம் மச்சான் சொன்னது ஒரு தோட்டாவை. நான் புரிந்துகொண்டது ஒரு முழு முறை. சண்டையே அதில்தான். தோளில் மாட்டுவதை விட்டுவிட்டு இப்போது இடது கையில் பிடிக்கிறான். ஆட்டம் முடிந்து எண்ணினால் 8 கொட்டைதான் இருந்தது, இரண்டு அவன் சட்டைப் பையில்.

மூத்தவன் | 3:40
கதையில் தோட்டாவைப் பதுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு விதி எழுதுங்கள். 1948இல் அதற்குத் தூக்குத் தண்டனை வரை போகும்.

ஈயக்குட்டை | 3:44
மச்சானுக்கு டிரம் ரோல்.