தனித்து நிற்கும் அத்தியாயங்களுக்கு அறிவியல் புனைவுத் தொடர்களில் இனி இடமில்லையா?

பழைய விண்கலம்:

மூன்று மாதங்களாக இரவுகளில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரை முதலிலிருந்து மறுபடியும் பார்த்து முடித்தேன். 1987 முதல் 1994 வரை ஏழு சீசன்கள், 178 அத்தியாயங்கள். முடித்த கையோடு, அண்மையில் வெளிவந்த, எட்டே அத்தியாயங்கள் கொண்ட விண்வெளித் தொடர் ஒன்றைத் தொடங்கினேன். ஒளிப்பதிவிலும் நடிப்பிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நான்காம் அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று யோசித்தால், மூன்றாவதில் எழுந்த கேள்வியை அப்படியே ஐந்தாவதன் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு மேல் எதுவும் நினைவில் நிற்கவில்லை.

‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1992இல் வந்த ‘தி இன்னர் லைட்’ அத்தியாயத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கிருந்தோ வந்த விண்கருவி ஒன்றின் கதிர் தாக்கி, விண்கப்பலின் கேப்டன் பிக்கார்ட் மயங்கி விழுகிறார். கண் விழிக்கும்போது வேறொரு கோளில், காமின் என்ற பெயருடன், தம்மைக் கணவர் என்று அழைக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறார். முதலில் மறுக்கிறார், பிறகு மெல்ல மெல்ல அந்த வாழ்வுக்குள் இறங்கி, பிள்ளைகளை வளர்த்து, குழல் ஊதக் கற்று, மனைவியை இழந்து, வறண்டுகொண்டே போகும் அந்த மண்ணில் பேரனோடு விளையாடும் கிழவராகிறார். கப்பலில் கடந்ததோ ஏறத்தாழ 25 நிமிடங்கள்; அந்த மக்கள் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. கருவிக்குள் இருந்த சிறு பெட்டியை அவருடைய துணை அதிகாரி ரைக்கர் கொண்டுவந்து கொடுக்க, பிக்கார்ட் அதைத் திறந்து, குழலை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறார். பிறகு சன்னலருகே நின்று ஊதுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒரு முழு வாழ்வை முக்கால் மணி நேரத்தில் சொல்லி முடித்த இத்தகைய அத்தியாயங்களை ‘ஃபில்லர்’, அதாவது வெறும் இட்டுநிரப்பல், என்று ஒதுக்கும் பழக்கம் எப்போது வந்தது? தொடர்கதை ஒன்றுதான் தரமான வடிவம் என்று நீங்களும் நினைக்கிறீர்களா?

அலைவரிசை:

தனிக்கதை வடிவத்தை நானும் நேசிக்கிறேன். ஆனால் அது பிறந்ததற்குக் கலைக் காரணத்தைவிட வணிகக் காரணமே பெரிது என்பதை மறக்க வேண்டாம். 1966இல் தொடங்கிய முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ 79 அத்தியாயங்களோடு 1969இல் நிறுத்தப்பட்டது. உள்ளூர் நிலையங்கள் அதை மறுஒளிபரப்புச் செய்த பிறகுதான் பெருங்கூட்டம் சேர்ந்தது. மறுஒளிபரப்பில் எந்த அத்தியாயம் எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பதிவு செய்துவைத்துப் பார்க்கும் வசதியும் அன்று பரவியிருக்கவில்லை. ஆகவே நடுவில் வந்து அமரும் எவருக்கும் கதை புரிய வேண்டும், முடிவில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. நீங்கள் பார்த்து முடித்த தொடரே உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டதுதான்.

ஒளிபரப்பு வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002இல் வந்த ‘ஃபயர்ஃபிளை’ என்ற விண்வெளித் தொடர் ஓர் எடுத்துக்காட்டு. எடுக்கப்பட்ட 14 அத்தியாயங்களில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. கதைமாந்தரை அறிமுகம் செய்யும் முதல் அத்தியாயம் அவற்றுள் கடைசியாக வந்தது! விரும்பியதை விரும்பிய வரிசையில் பார்க்க முடிகிற இன்று அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் போனதும் வடிவத்தையே கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஐந்தாம் நிலையம்:

மன்னிக்கவும், நான் இதில் முழுமையாக உடன்படவில்லை. ‘பாபிலோன் 5’ தொடரை நீங்கள் பார்த்திருந்தால் தொடர்கதையின் மீது இவ்வளவு கசப்பு வந்திருக்காது. ஐந்து ஆண்டுகளுக்கான கதையை முன்கூட்டியே திட்டமிட்டு, 110 அத்தியாயங்களில் 92ஐ அதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி தாமே எழுதினார்.

இரண்டாம் சீசனில் ஒரு காட்சி. தம் இனத்தை அடிமைப்படுத்திய பேரரசின் மன்னர் மன்னிப்புக் கேட்கவே வந்தார் என்று அறிந்த ஜகார், நெடுநாள் பகைவரான லோண்டோவைத் தேடிப்போய், வாழ்வில் முதன்முறையாக ஒளிவுமறைவற்ற மகிழ்ச்சியுடன் அவருக்கு மது வாங்கித் தருகிறார். ஜகாரின் மக்கள்மீது தாக்குதலை லோண்டோ ஏற்கெனவே ஏவிவிட்டார். வாழ்த்திக் குவளையை உயர்த்தும் ஜகாரின் எதிரே, லோண்டோவின் முகம் தவிக்கும் தவிப்பைப் பாருங்கள். முந்தைய அத்தியாயங்களில் அவர்கள் பரிமாறிக்கொண்ட ஒவ்வொரு வசைச்சொல்லும் சேர்ந்துதான் அந்த ஒரு நிமிடத்துக்கு அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. தனிக்கதையால் இதைச் சாதிக்கவே முடியாது.

இன்றைய தொடர்களின் நோய் தொடர்கதை அன்று. ஒரு திரைப்படத்துக்கான கதையை எட்டு மணி நேரத்துக்கு இழுப்பதே நோய். நீண்ட கதைக்கு நீண்ட காலம் வேண்டும். அந்தக் காலத்தில் மாந்தர்கள் சும்மா வாழ்கிற, சண்டை போடுகிற, சாப்பிடுகிற அத்தியாயங்களும் வேண்டும்.

இரவுக்காட்சி:

மர்மங்களைத் துப்பறியும் ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’, தனிக்கதை, தொடர்கதை இரண்டையும் ஒரே தொடரில் செய்து பார்த்தது. அதன் வேற்றுக்கிரக சதித்திட்டக் கதை வளர வளரச் சிக்கலாகி, கேள்விமேல் கேள்வியாய் நின்றுவிட்டது என்பது என் கருத்து. ஆனால் 1995இல் வந்த, ஒவ்வொருவரும் எப்படிச் சாவார்கள் என்பதைக் காண முடிகிற ஆயுள் காப்பீட்டு முகவரின் கதை இன்றும் மனத்தில் நிற்கிறது. அந்த வரம் அவருக்குப் பெருஞ்சுமையாகவே இருக்கிறது. அவராக நடித்த பீட்டர் பாயிலும் எழுதிய டேரின் மார்கனும் எம்மி விருது பெற்றார்கள்.

பழைய விண்கலம்:

ஐந்தாம் நிலையம் அவர்களே, லோண்டோவின் முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் கேள்வியையே சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தக் குழல் 1993இல் ஆறாம் சீசனில் மறுபடியும் வருகிறது. பிக்கார்ட் தாம் விரும்பும் பெண்ணோடு சேர்ந்து அதை வாசிக்கிறார், அது தம்மிடம் எப்படி வந்தது என்பதையும் அவரிடம் மட்டும் சொல்கிறார். முந்தைய அத்தியாயத்தைப் பார்க்காதவருக்கும் அந்தக் காட்சி புரியும். பார்த்தவருக்கோ, ஒரு மனிதர் தாம் வாழாத ஒரு வாழ்வின் துக்கத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது தெரியும். அலைவரிசை சொன்ன ‘பழைய இடத்துக்குத் திரும்பும்’ சட்டத்தை எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் மீறிய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

‘பாபிலோன் 5’ இன்றிரவே தொடங்குகிறேன். முதல் சீசனில் எதையும் தாண்டிவிடாமல் பார்க்க வேண்டுமா?

ஐந்தாம் நிலையம்:

ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். அந்த வசைச்சொற்கள் அங்கேதான் தொடங்குகின்றன.