ஜல்லி கன்வேயர் பெல்ட் இடதுபக்கமே ஓடுகிறது, போல்ட் திருகியும் நிற்கவில்லை. உதவி வேண்டும்

மேலூர் மெக்கானிக்:
வணக்கம் அண்ணன்மாரே. மேலூர் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் வேலை பார்க்கிறேன். முக்கால் ஜல்லி போகிற கன்வேயர், 24 இன்ச் பெல்ட், 20 மீட்டர் நீளம், சாய்வாக ஏறும். மழை பிடித்ததிலிருந்து டெயில் டிரம் (கீழ்முனையில் பெல்ட் திரும்புகிற உருளை) கிட்ட பெல்ட் இடதுபுறம் ஏறி ஃபிரேமில் உரசுகிறது, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. டிரம்மை நகர்த்திப் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற இடது டென்ஷன் போல்டை இறுக்கினால் கொஞ்ச நேரம் நடுவில் ஓடும், அப்புறம் பழையபடி. இறுக்கி இறுக்கி இப்போது வலதைவிட இரண்டு விரற்கடை கூடுதலாகப் போய்விட்டது. டிரம்மில் ஒட்டுகிற மண்ணை ஓட்டத்திலேயே கம்பியால் தட்டச் சொல்லி ஒரு பையனை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பழைய ஃபிட்டர்:
தம்பி, முதலில் அந்தப் பையனை அங்கிருந்து வரச் சொல்லுங்கள், பெல்ட்டை அப்புறம் பார்க்கலாம். டிரம்மும் பெல்ட்டும் சேருகிற இடம் கம்பியைக் கவ்வினால் கம்பியோடு கையும் போகும். பெல்ட் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், 'விடு' என்று மூளை சொல்வதற்குள் தோள் வரை உள்ளே போயிருக்கும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒருவர் கழுத்துத் துண்டு பெல்ட் அடிப்பக்கமாகத் திரும்பி வருகிற ரிட்டர்ன் ரோலரில் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் அவசரத்துக்கு நிறுத்துகிற சுவிட்சின் கயிற்றை இழுத்து நிறுத்தியதால் ஆள் பிழைத்தார், இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. ஓடுகிற மெஷின் பக்கம் போகிறவர் இறுக்கமான உடைதான் போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே இருந்தது.

சுத்தம் செய்யும் முன் ஜல்லியை முழுக்க இறக்கிவிடுங்கள், சாய்வு பெல்ட் லோடோடு நின்றால் பின்னால் உருளலாம். ஸ்டாப் பட்டனும் கயிறு சுவிட்சும் போதாது. மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, வேலை செய்கிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

திருமங்கலம் ரைஸ் மில்:
எங்கள் மில்லிலும் பெல்ட் இப்படித்தான் ஓடியது. ஒன்று கேட்கிறேன் தம்பி, பெல்ட் முழுக்க அந்த ஒரு இடத்தில் விலகுகிறதா, இல்லை பெல்ட்டின் ஒரு துண்டு மட்டும் போகிற இடமெல்லாம் விலகுகிறதா? நிறுத்தியிருக்கும்போது ஜாயின்டில் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். துண்டு மட்டும் விலகினால் ஜாயின்ட் கோணலாக வெட்டியிருக்கிறார்கள். முழுசும் ஒரே இடத்தில் விலகினால் அந்த இடத்திலோ, அதற்குச் சற்று முன்னால் இருக்கிற ரோலர்களிலோ கோளாறு.

மேலூர் மெக்கானிக்:
முழு பெல்ட்டும்தான் அண்ணே, டெயில் கிட்ட மட்டும்.

பழைய ஃபிட்டர்:
அப்படியானால் டிரம்மில் அப்பிய மண்தான் காரணமாக இருக்கும். ஈர டஸ்ட் ஒரு பக்கம் அப்பினால் அங்கே விட்டம் கூடிவிடும், பெல்ட் நேராக நிற்காது. போல்ட்டால் அதை ஜெயிக்க முடியாது, தட்டிவிட்ட அடுத்த மணியே வேறு மாதிரி ஓடும். நிறுத்திச் சுரண்டிவிட்டு, இரண்டு போல்ட்டையும் சமமாகக் கொண்டுவந்து, டிரம் ஃபிரேமுக்குக் கோணாமல் செங்கோணமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் வைத்துப் பாருங்கள். அதற்கும் மேல் விலகல் இருந்தால் ரோலரைத் தொடலாம். பெல்ட் ரோலரின் எந்த முனையை முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கம் போகும், இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஒரு ரோலரைத் துளி நகர்த்தி, பூட்டை எடுத்து, பெல்ட் இரண்டு மூன்று சுற்று வரட்டும், அவசரப்படாதீர்கள். மேல்முனையில் பெல்ட்டில் ஒட்டிய மண்ணை வழிக்கிற ஹெட் ஸ்கிரேப்பர் பிளேடு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது வழிக்காத மண்ணும் அடிப்பக்கமாகத் திரும்பி வந்து ரோலர்களில் ஒட்டும்.

மேலூர் மெக்கானிக்:
அண்ணே, இன்று மதியம் மெயினைப் பூட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். இடது ஓரத்தில் சிமென்ட் பூசின மாதிரி விரல் கனத்துக்கு மண், உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஸ்கிரேப்பர் நடுவில் தேய்ந்து நிலா மாதிரி வளைந்திருந்தது, புதுசு மாட்டியாச்சு. போல்ட் இரண்டும் சமம். வெறும் பெல்ட் நடுவில் ஓடுகிறது. ஓனரிடம் பேசிவிட்டேன், நாளை வெல்டர் வந்து டெயிலுக்கு வலைக் கூண்டு அடிக்கிறார், அதை மாட்டின பிறகுதான் லோடு. பையனை வண்டி எண்ணுகிற இடத்துக்கு மாற்றியாச்சு.