பேக்மேன் தவளைக்கு வயிறு உப்பல், 12 நாளாகக் கழிவு இல்லை. வீட்டில் என்ன செய்யலாம்? (இணையக் குழு உரையாடல்; எழுதுபவர்கள் புனைபெயரில்)

மழைக்காலம்:
கிரான்வெல் கொம்புத் தவளை (பேக்மேன்), 14 மாதம், எடை 182 கிராம். 9 நாளாக இரையைத் தொடவில்லை, கடைசியாகக் கழிவு போய் 12 நாள் ஆகிறது. வயிறு இடது பக்கம் கூடுதலாகப் புடைத்திருக்கிறது. தொடையின் உள்பக்கம் லேசான இளஞ்சிவப்பு. தொட்டியில் 8 செ.மீ. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), அடியில் ஹீட் பேட் (சூடேற்றும் விரிப்பு). அறை வெப்பம் பகலில் 30 டிகிரி. தண்ணீர் ஆர்.ஓ. கேன் தண்ணீர். மண்புழுவும் டூபியா கரப்பானும் கோகோபீட் மேலேயே போடுவது வழக்கம்.

மூன்று கேள்விகள். வாயைத் திறந்து இரை ஊட்டலாமா? சமையல் உப்பு கலந்த நீரில் வைக்கலாமா? சிவப்புக்கு மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக் களிம்பு தடவலாமா?

ஈரமண்:
மூன்றுமே வேண்டாம். கழிவு வெளியேறாத வயிற்றுக்குள் மேலும் இரை போனால் உள்ளேயே அழுகும். களிம்புகளில் சிலவற்றில் வலி தெரியாமலிருக்க மரப்பு மருந்து கலந்திருக்கும். தவளை தோல் வழியாகவே உறிஞ்சும் உயிர். மனிதருக்கு ஒரு இடத்தை மட்டும் மரக்கச் செய்வது தவளையின் உடல் முழுவதும் பரவி மூச்சை நிறுத்திவிடும். உப்பைப் பற்றிக் கீழே யாராவது விரிவாகச் சொல்வார்கள்.

முதலில் ஒரு ஆறுதல்: இந்த வயதில் பேக்மேன் வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ சாப்பிட்டாலே போதும். 9 நாள் பட்டினி மட்டும் நோயாகாது. கவலைப்பட வேண்டியது, வயிறு புடைத்தும் கழிவு வராமலிருப்பது.

இன்றே தொட்டியிலிருந்து எடுத்து, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். அடியில் வாசனையோ சாயமோ இல்லாத ஈர டிஷ்யூ மூன்று அடுக்கு, ஒதுங்கிக்கொள்ள ஒரு பாதி டப்பா. வேறெதுவும் வேண்டாம். டிஷ்யூவை தினம் இருமுறை மாற்றுங்கள். கழிவு வந்ததா, எந்த நிறம் என்று அப்போதுதான் தெரியும். தொடுவதற்குப் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, அதையும் நனைத்த பிறகே.

அடுத்து இது கட்டியா நீரா என்று பாருங்கள். அடிப்பாகம் தெளிவான டப்பாவில் வைத்து, இருட்டில் கீழேயிருந்து போன் டார்ச் அடியுங்கள். நீர் என்றால் வயிறு பலூன் போல ஒரே சீராக ஒளி விடும், தொட்டால் தளதளக்கும், தொடைகளும் தாடைக்குக் கீழும் சேர்ந்தே வீங்கியிருக்கும். அடைப்பு என்றால் ஓரிடத்தில் கருநிழல் விழும், விரலுக்குக் கெட்டியாகத் தட்டும். ஒரு பக்கம் மட்டும் புடைப்பு, கோகோபீட் மேல் தீனி என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நார் அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். பேக்மேன் இரையை மட்டும் கவ்வாது, சுற்றியிருப்பதையும் ஒரு வாய் அள்ளிக்கொள்ளும்.

அடைப்புதான் என்றால்: குளோரின் நீக்கிய தண்ணீர், 26–27 டிகிரி, நாசித் துவாரத்துக்கு நன்றாகக் கீழே நிற்கும் ஆழம். இது நீந்தத் தெரியாத தவளை, ஆழமானால் மூழ்கிவிடும். காலை 20–30 நிமிடம், மாலை 20–30 நிமிடம், பக்கத்திலேயே இருங்கள். கடைசி ஒரு நிமிடம் ஈரக் கையுறையோடு மார்பிலிருந்து கழிவுத் துவாரத்தை நோக்கி ஒரே திசையில் மெல்ல நீவுங்கள். அழுத்தக் கூடாது. 3 நாளில் ஒன்றும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

கழிவை வெளியேற்ற முக்கும்போது பின்புறம் இளஞ்சிவப்புச் சதை பிதுங்கினால் விரலால் உள்ளே தள்ளாதீர்கள். கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியால் மூடி நேராக மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை வீக்கத்திலுள்ள நீரை இழுத்துச் சதையைச் சுருக்கும்.

குளத்தங்கரை:
ஆர்.ஓ. தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். தவளை வாயால் குடிப்பதில்லை, வயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சுகிறது. அதன் இரத்தத்தைவிட வெளி நீரில் உப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக நீர் உள்ளே இறங்கும். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. நல்ல தவளை சமாளிக்கும், நோயுற்றது வீங்கும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து, அலங்கார மீன் கடையில் கிடைக்கும், குளோரினை நீக்கும் தயோசல்பேட் சொட்டு மருந்தை பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவில் கலந்து பயன்படுத்துங்கள். ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கும் ஊர்களில் அது பலிக்காது. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம்.

உப்பு விஷயம். நீர்வீக்கம் இருந்தால் உதவுவது தவளை ரிங்கர் கரைசல் (தவளையின் உடல்நீரை ஒத்த உப்புக் கரைசல்): 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15, கால்சியம் குளோரைடு 0.15, சோடியம் பைகார்பனேட் 0.2. இதை அளக்க 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். கைப்பிடி, ஸ்பூன் கணக்கெல்லாம் தவளையைக் கொன்றுவிடும். தராசு இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. நீர்வீக்கத்துக்கு மூல காரணம் சிறுநீரகம், இதயம் அல்லது தொற்று. அதனால் ரிங்கர் என்பது மருத்துவரிடம் போய்ச் சேரும் வரைக்கான தாங்கல் மட்டுமே. அடைப்புக்கு இது தேவையில்லை.

தேன் கலந்து ஊறவை என்று பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். என் கருத்தில் இங்கே அவசியமில்லை. வெதுவெதுப்பும் பொறுமையும்தான் வேலை செய்கின்றன.

செவ்வந்தி:
அந்தச் சிவப்பை விட்டுவிடாதீர்கள். மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, அடியிலுள்ள ஹீட் பேட். பேக்மேன் சூடு தாங்காமல் கீழே புதையும், இங்கே கீழேதான் சூடு, ஆகவே தொடையும் வயிறும் வெந்துபோகும். அறையே 30 டிகிரி இருக்கும்போது ஹீட் பேட் எதற்கு? கழற்றிவிடுங்கள், 24–28 போதும். குளிர்காலத்தில் தேவைப்பட்டால் பக்கச் சுவரில் ஒட்டி, தெர்மோஸ்டாட் வைத்து 27-ல் நிறுத்துங்கள். இரண்டு, பழைய கோகோபீட்டில் சேர்ந்த சிறுநீரின் அம்மோனியா. பின்னங்கால் நீட்டி வெட்டி வெட்டி இழுத்தால் இதுதான். உடனே சுத்தமான நீருக்கு மாற்றி, அந்த நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மூன்று, ‘ரெட் லெக்’ எனும் இரத்தத் தொற்று, பெரும்பாலும் ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியா. இதில் சிவப்பு புள்ளி புள்ளியாக, இரத்தம் கசிந்தாற்போல இருக்கும், தவளை துவண்டு கிடக்கும், புரட்டிப் போட்டால் திரும்பாது.

மூன்றாவது என்றால் அன்றே மருத்துவர். இதற்கு வழக்கமாகத் தரும் ஆன்டிபயாடிக்கான என்ரோஃப்ளாக்சசின் எடையில் கிலோவுக்கு 5–10 மி.கி., அதாவது உங்கள் தவளைக்கு 0.9 முதல் 1.8 மி.கி. நாய்க்குத் தரும் 50 மி.கி. மாத்திரை இதைப் போல 27 முதல் 55 மடங்கு! அதை வீட்டில் உடைத்துத் தருவது நடக்கிற காரியமில்லை. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தவளை பார்ப்பவர் இருக்கிறாரா என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கொண்டுபோக ஈர டிஷ்யூ போட்ட டப்பா, அதைச் சுற்றித் தெர்மாகோல் பெட்டி. ஐஸ் கூடாது.

இன்னொன்று: அந்த அறையில் கொசுவத்தி, லிக்விட் மெஷின், பூச்சி ஸ்பிரே, ஃபினாயில் எதுவும் வேண்டாம்.

மழைக்காலம்:
டார்ச்சில் இடப்பக்கம் கருநிழல் தெரிந்தது. நான்காவது ஊறலில் (2-ம் நாள் மாலை) சுமார் 3 செ.மீ. நார் உருண்டை கழிவோடு வந்தது. இன்று எடை 171 கிராம். சிவப்பு மங்கியிருக்கிறது, புரட்டினால் உடனே திரும்புகிறது. எப்போது தீனி தரலாம்?

ஈரமண்:
மனசுக்கு நிம்மதி, சகோ. இன்னும் 2 நாள் ஒரு வேளை மட்டும் ஊறவையுங்கள். அடுத்த கழிவு நார் இல்லாமல் வந்த பிறகு, மண்புழுவில் சிறியது ஒன்று இடுக்கியால் நீட்டுங்கள். 4 நாள் கழித்து இரண்டு. தலையின் அகலத்தைவிடப் பெரிய இரை ஒரு மாதத்துக்கு வேண்டாம். கரப்பானின் ஓடு செரிக்க நேரமாகும், அதைக் கடைசியில் சேருங்கள். இனி தீனி எப்போதும் இடுக்கியில், அல்லது வெறும் டப்பாவில் வைத்துத்தான்.

தவளை இரைமேல் பாய்கிறது, ஆனால் நாக்கில் இரை ஒட்டவில்லை என்றால் அது வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். வைட்டமின் பொடி வாங்கும்போது ரெட்டினால் (நேரடி வைட்டமின் ஏ) உள்ளதா என்று பாருங்கள். தாவரங்களில் உள்ள பீட்டா கரோட்டினைத் தவளைகள் சரிவர வைட்டமினாக மாற்றிக்கொள்வதில்லை. கீழ்த்தாடை ரப்பர் போல வளைந்தாலோ விரல்கள் துடித்தாலோ கால்சியம், வைட்டமின் டி3 பற்றாக்குறை.

திங்கள்தோறும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். இன்றைய 171-ஐ அடிப்படையாக வையுங்கள். அதிலிருந்து 17 கிராம் குறைந்தால் மருத்துவர்.

குளத்தங்கரை:
பழைய கோகோபீட்டைச் செடிக்குப் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தொட்டி, தட்டு, இடுக்கி எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் அலசி முழு வெயிலில் காயவையுங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கிட்ரிட் பூஞ்சை இருந்திருந்தால்கூடச் சூட்டிலும் முழு உலர்விலும் செத்துவிடும். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், தவளைக் கழிவில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். ஊறவைத்த தண்ணீரையும் குளம், வாய்க்கால் பக்கம் ஊற்றாதீர்கள். ப்ளீச் கலந்து அரை மணி நேரம் வைத்திருந்து கழிவறையில் ஊற்றுங்கள். வெளிநாட்டுத் தவளையின் நோய் நம்மூர்த் தவளைகளுக்குப் போய்விடக் கூடாது.