கான்கிஸ்டடோர்: தமிழ்ச்சொல் வேண்டும், அவசரம்

க. எழுதியது:
நண்பர்களே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பெரு நாட்டு இன்கா பேரரசைக் கைப்பற்றிய ஸ்பானியர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் சுருக்கமான வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்பானியக் கான்கிஸ்டடோர்’ (அமெரிக்க நாடுகளை வென்று பிடித்தவர்) என்ற முதல் வரியிலேயே நிற்கிறேன். ‘படையெடுப்பாளர்’ போதுமா?

மா. எழுதியது:
போதாது. படையெடுப்பு என்றால் அரசன் படை. பிசாரோவுக்கு 1529இல் ஸ்பானிய முடி தந்தது உரிமைப் பத்திரம். கூட வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கொள்ளையில் பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. ‘மதுரை கொண்ட’, ‘கங்கை கொண்ட’ என்ற வழியில் ‘நாடுகொண்டான்’ எனலாம்.

செ. எழுதியது:
அவை விருதுப் பெயர்கள் ஐயா. இன்கா அரசர் அதாவல்பாவைச் சிறைபிடித்து, ஓர் அறை நிறையப் பொன்னும் அதே அறை இரு முறை நிறைய வெள்ளியும் மீட்புப் பணமாகக் கேட்டு வாங்கி, 1533இல் கழுத்தை இறுக்கிக் கொன்றவருக்கு விருதா?
தொல்காப்பியத்தில் பகைவரின் ஆநிரை கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணையைப் பாருங்கள்: ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின்’. வேந்தன் விட, முனைஞர் என்னும் போர்முனை வீரர் வேற்று நிலத்தில் செய்யும் களவு! கவர்ந்த நிரையைப் பங்கிடுவது ‘பாதீடு’ என்னும் துறை. அதாவல்பா சிறைபட்ட கஹமார்க்கா நகரில் பொற்கலங்களை உருக்கி, குதிரைவீரனுக்குக் கூடுதலும் காலாளுக்குக் குறைவுமாகப் பிரித்தது பாதீடேதான். பிந்தி வந்த கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்களுக்குச் சொற்பமே கிடைத்தது. அந்தப் பகை வளர்ந்துதான் 1541இல் லிமாவில் பிசாரோ வெட்டுண்டார். ‘முனைஞர்’ என்றே வையுங்கள்.

மா. எழுதியது:
அடுத்த அடியை விட்டுவிட்டீர்கள்: ‘ஆதந்து ஓம்பல்’, அதாவது ஆக்களைக் கொணர்ந்து காத்தல். கவர்ந்ததைப் பேணுவதும் வெட்சியில் உண்டு. பொற்கலத்தை உருக்கியவர் எதைப் பேணினார்? தவிர, ‘முனைஞர்’ என்றால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ‘தொழில்முனைவோர்’ என்றுதான் நினைக்கும்.

ர. எழுதியது:
மூலச்சொல்லின் லத்தீன் வேர் ‘தேடு’ என்ற பொருளது. தேடு, தேட்டம் (தேடிச் சேர்த்தது), ‘தேட்டை போடுதல்’ (கொள்ளையடித்தல்). எனவே ‘தேட்டாளர்’.

யா. எழுதியது:
வேண்டாம் ஐயா. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் ‘தேடியதேட்டம்’ என்பது மணவாழ்வில் ஈட்டிய சொத்து. எங்கள் ஆட்கள் பாடுபட்டுச் சேர்த்ததற்கு வைத்த சொல்லை இவருக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ‘நாடு பிடிக்க வந்தவன்’ என்றுதானே ஊரில் சொல்கிறோம்? ‘நாடுபிடிப்போர்’ போதும்.

க. எழுதியது:
நன்றி அம்மா, ஆனால் ‘நாடுபிடிப் போர்’ என்று யுத்தமாகப் படித்துவிடுவார்கள். ‘நாடுபிடிப்பாளர்’ என்று வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘கான்கிஸ்டடோர்’. மூவர் சம்மதித்துத் தனிமடல் எழுதியிருக்கிறார்கள்.

செ. எழுதியது:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கஹமார்க்காவுக்குள் நுழைந்தவர்கள் 168 பேர். அவர்களை விட்ட வேந்தன் உங்கள் சொல்லில் எங்கே? ‘பிடிப்பாளர்’ என்றால் மீன்பிடிப்பாளரும்தான். அடுத்த பதிப்புக்கு மீண்டும் எழுதுவேன்.