உருளைக்கிழங்குக்கு மூடாக்கு: நட்டவுடனேயா, மண் அணைத்த பிறகா?

செம்மண்காடு (தாளவாடி):
வணக்கம்ங்க. அரை ஏக்கர் செம்மண்ணில் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு நடப் போகிறேன். பாருக்குப் பார் (மேட்டு வரிசைக்கு வரிசை) 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. போர் தண்ணீர் நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் வரும், சொட்டுநீர் உண்டு. கையில் மக்காச்சோளத் தட்டை இருக்கிறது, வைக்கோல் விலைக்குத்தான். மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்காக எவ்வளவு, எப்போது போடணும்? கரையானும் இருக்குதுங்க. அதற்குப் பதில் மல்ச்சிங் ஷீட்டே (மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாள்) போட்டுவிடலாமா?

பார்க்கால்:
மண் அணைத்த பிறகு போடுங்க. நட்டு 25–30 நாளில் மேலுரம் வைத்து, செடியடியில் மண்ணை நன்றாக ஏற்றி அணைத்து, சொட்டுக்குழாயைப் பார் மேல் இழுத்து, ஒரு முழுத் தண்ணீர் விட்டு, அதற்கு அப்புறம்தான் மூடாக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தபடியேதான் கிடக்கும். சிறு தூறலைத் தட்டையே குடித்துவிடும். குழாய் மூடாக்குக்கு அடியில் இருக்கணும் என்பதும் அதனால்தான்.

அளவு: ஏக்கருக்கு 2.5–3 டன், உங்களுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை டன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளந்து 600–750 கிராம் பரப்பிப் பாருங்க, கை பழகிவிடும். மேலிருந்து பார்த்தால் மண் தெரியக்கூடாது. தட்டையை அரை அடிக்குள் நறுக்கிப் போடணும். முழுசாகப் போட்டால் இடுக்கு விழுந்து வெயில் உள்ளே போகும். தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க, இரண்டு விரல் இடம் விடுங்க. ஈரத் தட்டை தண்டில் பட்டுக் கிடந்தால் அடித்தண்டு அழுகும்.

தட்டையை மண்ணோடு கலக்காதீங்க. கலந்தால் அது மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை குறைவு.

ஈரமண்:
பார்க்கால் அண்ணா, ஒரு மாறுபாடு. முதல் 30 நாள்தான் இலை மண்ணை மூடாமல் இருக்கும். ஆவியாகிற தண்ணீர் பெரும்பாலும் அப்போதுதான் போகிறது. செடி அடர்ந்த பிறகு மூடாக்கு மிச்சப்படுத்துவது குறைவு. கிழங்கு பிடிக்கத் தொடங்குவதும் 30–45 நாளில். மண் சூடு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் கிழங்கு நன்றாக இறங்கும். 30-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் நட்டவுடனே பாதி அளவு பரப்பலாம். அணைக்கும்போது வாய்க்கால் பக்கம் ஒதுக்கி, பிறகு மீதியோடு சேர்த்து இழுத்துவிடலாம். கூலி ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான்.

பார்க்கால்:
தண்ணீர் இவ்வளவு குறைவு என்றால் ஈரமண் சொல்வது சரிதான். ஆனால் மூடாக்கு போட்டாச்சு என்று அணைப்பதை மட்டும் விட்டுவிடாதீங்க. தட்டை சரிந்த இடத்தில் கிழங்கின் தோள் வெளியே தெரியும், வெயில் பட்டு அந்தப் பக்கம் பச்சையாகும். அந்துப்பூச்சி கிழங்கின் கண்ணில் (முளை வரும் குழியில்) முட்டை வைக்கும். கண்ணோரம் கருப்புத் துகளாக எச்சம் தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கிழங்கைக் காப்பது மண்தான், தட்டை இல்லை.

வேம்படி:
கரையானுக்கு: மட்காத தொழுவுரம் போடவே வேண்டாம், அதுதான் அழைத்து வரும். அரை ஏக்கருக்கு 50 கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியுரத்தோடு கொடுங்க. மூடாக்கு எலும்பாகக் காயாமல் பார்த்துக்கோங்க. தட்டை தீர்ந்த இடத்தில் கரையான் தண்டுக்கு வரும், அங்கே உடனே புதுசு போடணும். தக்காளி, கத்தரிச் செடிக் கழிவை மூடாக்காகப் போடவே கூடாது. ஒரே குடும்பம், வாடல் நோய் அப்படியே தொற்றும்.

ஷீட் வேண்டாம்ங்க. கருப்பு ஷீட் மண்ணைச் சூடாக்கும், போட்ட பிறகு அணைக்கவும் முடியாது.

செம்மண்காடு:
நன்றிங்க. தண்ணீர் எப்போது விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈரமண்:
மேலே பார்க்காதீங்க, மூடாக்குக்கு அடியில் எப்போதும் ஈரமாகத்தான் தெரியும். தட்டையை விலக்கி அரை அடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் பிடியுங்க. உருண்டை நின்றால் அன்றைக்கு விடவேண்டாம், உதிர்ந்தால் விடுங்க. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்தி, கொடியை வெட்டி, மூடாக்கையும் ஒதுக்கிவிடுங்க. ஈரத்திலேயே கிடந்தால் தோல் முற்றாது, தோண்டும்போது உரியும்.