பானெட்டுக்குள்ளேயா, சீட்டுக்கு அடியிலா? கம்ப்ரசர் வைக்க இடம் தேடுகிறேன்

மண்சக்கரம்:
வண்டி மூன்று கதவு ஜிம்னி. இதுவரை டயருக்குக் காற்றடிக்க, கையில் தூக்கிப்போகும் கம்ப்ரசர்தான். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 16 பிஎஸ்ஐ-க்கு இறக்குவேன், வெளியே வந்ததும் 30-க்கு ஏற்றணும். ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கிற சாமானை எல்லாம் இறக்கி, பையைத் தேடி, பானெட்டைத் திறந்து பேட்டரியில் கிளிப் மாட்டுவதற்குள் கூட வந்தவர்கள் கிளம்பத் தயாராகிவிடுகிறார்கள். நிரந்தரமாகப் பொருத்தும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வாங்கிவிட்டேன். 28 ஆம்பியர் இழுக்குமாம். பேட்டரி பக்கம், பயணி சீட்டுக்கு அடியில், பின்பக்கச் சுவரில் என்று மூன்று இடம் தோன்றுகிறது. சூடு, தண்ணீர், சத்தம் மூன்றில் எதற்குப் பயப்படணும்?

கியர்தாத்தா:
முதலில் சூட்டுக்குப் பயப்படுங்க தம்பி. சத்தத்தை விடுங்க, டயர் ஏற்றும்போது நீங்க எப்படியும் வெளியேதான் நிற்பீங்க.

நான் பானெட்டுக்குள் வைத்தவன், அதுவும் தப்பான பக்கத்தில். வெற்றிடம் ஒன்று கண்ணில் பட்டது, அளந்தேன், சரியாக உட்கார்ந்தது. ஒரு சாண் தள்ளி, எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருப்பது அன்றைக்கு உறைக்கவில்லை. முதல் பயணத்தில் மூன்றாவது டயர் பாதியில் கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஃபியூஸைப் பார்த்தேன், ரிலேயைத் தட்டினேன், ஒன்றும் பழுதில்லை. உள்ளே இருக்கும், சூடு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்திவிடும் வெப்பக் கட்-அவுட் தன் வேலையைச் செய்திருக்கிறது. இருபது நிமிஷம் கழித்துத் தானாகவே உயிர் வந்தது. நல்ல பக்கம் எதுவென்றால் எக்ஸாஸ்ட் இல்லாத பக்கம். அதுவே பேட்டரி பக்கமாகவும் அமைந்தால் யோசிக்காதீங்க. ஏற்றும்போது எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், பானெட் திறந்தே இருக்கட்டும்.

பெட்டியில் 'டியூட்டி சைக்கிள்' என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், அதையும் பாருங்க. 33 என்றால் பத்து நிமிஷம் ஓடினால் இருபது நிமிஷம் ஓய்வு. பெரும்பாலும் 100 பிஎஸ்ஐ எதிரழுத்தத்தில் அளந்த கணக்கு. உங்க டயர் 30-தான், அதனால் அவ்வளவு மோசமாகாது.

துளை போடும் முன் இன்னொரு வேலை. கம்ப்ரசர் தலையில் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்க. நசுங்கியபின் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்க இடைவெளி. பக்கவாட்டிலும் எஞ்சினிலிருந்து ஓர் அங்குலமாவது விடுங்க. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் தன் மவுண்ட்டில் ஒருச்சாய்ந்து ஆடும்.

சரளைப்பாதை:
நான் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தூசி கிடையாது, ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் பயமும் குறைவு. ஆனால் வெளியே வரும் காற்று கொதிக்கும். சாதாரண ரப்பர் ஹோஸை நேராக மாட்டி, அது இளகி, கார்ப்பெட்டில் கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. இப்போது கம்ப்ரசரிலிருந்து முதல் அரை மீட்டர், எஃகு வலை சுற்றிய டெஃப்லான் ஹோஸ். அதற்கப்புறம்தான் ரப்பர்.

மண்சக்கரம்:
பின்பக்கச் சுவரை யாருமே சொல்லவில்லையே? அங்கேதான் காலி இடம் நிறைய.

கியர்தாத்தா:
இடம் இருக்கு, ஒயர் நீளமாச்சே. பேட்டரியிலிருந்து 4 மீட்டர், போகவர 8. அதில் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் 28 ஆம்பியரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், நேரம் இழுக்கும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும், ஆனால் விரல் தடிமன் ஒயரை வண்டி நீளத்துக்கு இழுக்கணும். எப்படி இழுத்தாலும் 40 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்தான். அது காப்பாற்றுவது ஒயரை, கம்ப்ரசரை இல்லை. கம்ப்ரசர் பக்கம் வைத்துவிட்டு, நடுவில் ஒயர் உரசினால் தீதான்.

பிராக்கெட்டும் முக்கியம். நான் முதலில் 2 மி.மீ. தகட்டில் வளைத்தேன். மேடுபள்ளத்தில் ஆடி ஆடி வளைவிலேயே விரிசல். கம்ப்ரசர் ஹோஸில் தொங்கிக்கொண்டு வந்தது, வீடு வரும்வரை எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது 4 மி.மீ., மூலையில் முட்டுத்தகடு. இன்னொன்று, ஒரு காலைப் பாடியிலும் மறு காலைச் சேசிஸிலும் முடுக்கிவிடாதீங்க. இரண்டும் தனித்தனியாக அசையும்.

சரளைப்பாதை:
பானெட்டுக்குள் வைத்தால், காற்று இழுக்கும் ஃபில்டரை மட்டும் ஒரு குழாய் போட்டு வைப்பர் மட்டத்துக்கு ஏற்றிவிடுங்க. அங்கே சூடும் குறைவு, தண்ணீரும் லேசில் ஏறாது.

மண்சக்கரம்:
பேட்டரி பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். பையனுடைய விளையாட்டுக் களிமண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன், 7 மி.மீ.தான் மிஞ்சியது. அட்டையில் வெட்டிப் பார்த்த பிராக்கெட் மாதிரியை 15 மி.மீ. இறக்கி மறுபடி வெட்டப்போகிறேன். ஃபில்டர் குழாய்க்கும் இடம் இருக்கிறது. களிமண்ணைத்தான் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறான், அதில் கிரீஸ் ஒட்டியிருப்பதை இன்னும் பார்க்கவில்லை.